சோபா பக்கத்துக்கு எந்த மேஜை: பழைய தேக்கா, புதுக் கடைச் சரக்கா?

சோபா வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட அதன் பக்கத்தில் போடும் சின்ன மேஜையைப் பற்றி யோசிப்பதில்லை. "செட்டோட வருது சார்" என்று கடைக்காரர் தலையில் கட்டியதை வாங்கி வந்துவிடுகிறார்கள். வந்த பிறகு பார்த்தால் வீட்டில் சோபாவைவிட அதிகம் உழைப்பது அந்த மேஜைதான். காலைக் காபி, பேப்பர், ரிமோட், மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, சார்ஜரில் தொங்கும் செல்போன், ராத்திரி தண்ணீர்ச் சொம்பு எல்லாம் அதன் தலையில்தான் ஏறும்.

சென்னையில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. தாத்தா காலத்துத் தேக்கு மேஜையைத் தேடிப் பிடித்து பாலிஷ் போட்டு வைப்பவர்கள் ஒரு பக்கம். ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டு, வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து ஸ்க்ரூ முடுக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழசா புதுசா என்பது இரண்டாவது கேள்வி. முழு மரமா, அமுக்கிய மரத்தூளா என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஊர்க் காற்றுக்கும் தண்ணீருக்கும் மேஜையின் வயசு தெரியாது. உள்ளே இருக்கும் சரக்குதான் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பழசு பல இடத்தில் ஜெயிக்கும். தோற்கும் இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பழசு என்றால் எந்தப் பழசு?

பழைய மேஜை என்று இங்கே விற்பவை ஒரே ரகம் இல்லை. ஆங்கிலேயர் காலத்துச் சாயலில், கடைசல் கால்களும் மேலே வட்டப் பலகையுமாக இருப்பவை ஒரு வகை. சிலவற்றில் பலகைக்குப் பதில் வெள்ளை மார்பிள் இருக்கும். அடுத்தது, 1930களிலும் 40களிலும் ஆர்ட் டெக்கோ பாணி நகரத்துக்குள் பரவியபோது செய்தவை. பாரிமுனையில் 1940இல் எழும்பிய டேர் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் பிடிபடும். கட்டடக்காரர்கள் சுவரில் இழுத்த அதே வளைந்த மூலைகளையும் அடுக்கடுக்கான கோடுகளையும் தச்சர்கள் ஈட்டி மரத்திலும் (ரோஸ்வுட்) தேக்கிலும் இறக்கினார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், கீழ்ப்பாக்கம் பக்கத்துத் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது இந்த மாதிரி சாமான்கள் வெளியே வருகின்றன.

மூன்றாவது, 60, 70களின் சரக்கு. கீழே போகப் போக ஒல்லியாகும் சாய்ந்த தேக்குக் கால், மேலே சன்மைக்கா ஒட்டிய பலகை. இதைப் பலர் பழசு என்றே மதிப்பதில்லை, அதனால் விலையும் ஏறவில்லை. எனக்கு இந்த ரகத்தின்மேல் தனிப் பாசம் உண்டு; காரணம் பின்னால் வரும்.

நான்காவது வகை மேஜையாகவே பிறக்காதவை. செட்டிநாட்டு வீடுகளில் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளை மேஜை, வெண்கல அண்டாவின்மேல் வட்டக் கண்ணாடி, சிங்கர் தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால்மேல் ஒரு பலகை. படத்தில் பார்த்தால் மூன்றும் பிரமாதம். சோபாவுக்குப் பக்கத்தில் போட்டால் மூன்றும் தகராறு. கணக்குப்பிள்ளை மேஜை தரையோடு தரையாக இருக்கும், குனிந்து குனிந்து டம்ளர் எடுக்க வேண்டும். சிங்கர் கால் சோபாக் கைப்பிடியைத் தாண்டி உயர்ந்து நிற்கும், மிதிபலகையில் குழந்தைகள் ஏறி ஆடும். அண்டாமேல் வைத்த கண்ணாடியைப் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. ஹாலின் மூலையில் பூச்சாடி வைக்க மூன்றும் நன்றாக இருக்கும், அங்கேயே இருக்கட்டும்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மூர் மார்க்கெட் இருந்தது. 1985 தீயோடு அது போயிற்று. இப்போது ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர்கள் காரைக்குடிக்குப் போகிறார்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஒற்றைச் சின்ன மேஜைக்காக மட்டும் போனால் வண்டிச் செலவு மேஜை விலையைச் சாப்பிட்டுவிடும், வேறு வேலையோடு சேர்த்துப் போனால் சரி. ஊருக்குள்ளேயே கிடைக்கும் நல்ல வழி சொந்தக்காரர் வீட்டு மாடியறையும் தெரிந்தவர் வீடு காலி செய்யும் நேரமும்தான். கடையில் வாங்குவதாக இருந்தால், அதற்கு முன் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா போய் அங்குள்ள பழைய வீடுகளையும் மரவேலையையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கண் பழகிவிட்டால் பாதி ஏமாற்று அங்கேயே பிடிபட்டுவிடும்.

கடையில் எந்தப் பழைய தேக்கைக் காட்டினாலும் 'பர்மா' என்றுதான் சொல்வார்கள். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் வீடுகளுக்கு அங்கிருந்து தேக்கு வந்தது உண்மை. 1942இல் ஜப்பானியப் படை அங்கே புகுந்ததோடு அந்த வாழ்வும் முடிந்தது. ஆனால் நம் பக்கத்துக் காட்டுத் தேக்கும் உண்டு. நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கமேஜைக்கு எந்த ஊர்த் தேக்கு என்பது பெரிய விஷயம் இல்லை. வைரம் பாய்ந்த கட்டையா, ஓரத்து வெளுத்த பகுதியையும் சேர்த்து அறுத்ததா என்று பாருங்கள். தேக்கின் நடுக்கட்டையில் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் கரையானை அண்டவிடாது. வெளுத்த பகுதிக்கு அந்தத் தெம்பு கிடையாது, தேக்கு என்ற பெயர் மட்டும்தான்.

புதுசில் என்ன கிடைக்கிறது

புதுசு என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கேயும் ரகம் பிரிக்க வேண்டும். மலிவாக வருவதெல்லாம் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அமுக்கிய பலகை, மேலே மரக்கோடு அச்சடித்த தாள். ஐகியாவின் புகழ்பெற்ற லாக் மேஜையில் அதுவும் முழுசாக இல்லை. 55 சென்டிமீட்டர் சதுரப் பலகைக்குள் தேன்கூடு மாதிரி மடித்த காகிதம்தான் நிரப்பு. மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. எடை குறைய வேண்டும், விலை குறைய வேண்டும் என்று யோசித்துச் செய்தது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் அதன்மேல் ஏறி நின்று பல்பு மாட்டக் கூடாது.

அடுத்த படி, முழு மரத்தில் செய்த புது மேஜை. ஷீஷம், மாமரம், அகேசியா, ரப்பர் மரம். ராஜஸ்தானிலிருந்து, குறிப்பாக ஜோத்பூரிலிருந்து வருபவை இதில் நிறைய. இவற்றில் பாதிக்கும் மேல் வேண்டுமென்றே தேய்த்து, கீறி, 'பழசு மாதிரி' ஆக்கியவை. பழைய மேஜை வேண்டாம், பழைய முகம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவரும். விலையைப் பழசுக்குக் கேட்கிற மாதிரி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரப்பர் மரமும் மாமரமும் மருந்தேற்றிப் பதப்படுத்தாவிட்டால் வண்டு பிடிக்கும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் இரும்புக் கால், மேலே கண்ணாடி அல்லது பலகை. சின்ன ஹாலுக்கு இது கண்ணை உறுத்தாது, இடம் அடைத்த மாதிரி தெரியாது. ஆனால் பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் என்று கடல் காற்று படும் வீடுகளில் பெயிண்ட் உரிந்த இடத்தில், முக்கியமாக வெல்டிங் மூட்டிலும் பாதத்திலும், துரு சீக்கிரம் எட்டிப் பார்க்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் 202 ரகமா 304 ரகமா என்று கேளுங்கள். கடலோரத்தில் 202இல் புள்ளி புள்ளியாகத் துரு வரும். கண்ணாடி என்றால் டஃப்பண்ட் கண்ணாடிதானா என்று மூலையில் இருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். அது உடைந்தாலும் பொடிப்பொடியாகத்தான் உதிரும், சாதாரணக் கண்ணாடி கத்தியாக உடையும்.

இந்த ஊர் வைக்கும் பரீட்சை

சென்னை வீட்டில் மேஜைக்கு வரும் சோதனைகள் வெளிநாட்டு வீட்டு அலங்காரப் படங்களில் வருவதில்லை. முதல் சோதனை காபி. டவரா டம்ளரில் நுரை பொங்கக் கொண்டுவந்து வைக்கும் ஃபில்டர் காபியின் எவர்சில்வர் அடி எவ்வளவு சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய மேஜைகளில் பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷ்தான் இருக்கும். அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசுவது. மெழுகு மாதிரி இதமான பளபளப்பு, வேறு எந்தப் பாலிஷிலும் அது வராது. ஆனால் சூடான டம்ளரை ஒரு தடவை நேராக வைத்தால் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். சானிடைசர் சிந்தினாலும் அப்படித்தான். ஸ்பிரிட்டில் கரைத்தது ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையத்தானே செய்யும். நல்ல செய்தி என்னவென்றால் அந்த வட்டம் பெரும்பாலும் பாலிஷில்தான் இருக்கும், மரத்துக்குள் இறங்கியிருக்காது. பாலிஷ்காரர் மேலே ஒரு கை ஓட்டினால் போய்விடும். புது மேஜையின் பி.யு. (பாலியூரித்தேன்) அல்லது மெலமைன் பாலிஷ் இந்தச் சூட்டுக்கு அசையாது. ஆனால் கீறல் விழுந்து உரிய ஆரம்பித்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போட முடியாது, முழுசும் சுரண்டித்தான் திரும்பப் போட வேண்டும்.

என் பாசத்துக்குரிய சன்மைக்கா மேஜை இங்கேதான் முந்துகிறது. மேலே சூடு, ஈரம், எண்ணெய் எதற்கும் கவலைப்படாத தகடு. கீழே ஆசாரி கையால் செய்த தேக்குக் கால். அந்தக் காலத்துக் குடும்பங்களுக்காக, அந்தக் காலத்துச் சின்ன ஹாலுக்காகச் செய்தது என்பதால் அளவும் கச்சிதம். ஓரத்தில் தகடு பெயர்ந்திருந்தால் பசை வைத்து அமுக்கினால் போதும்.

மார்பிள் பலகைக்குச் சூடு பிரச்சினை இல்லை, புளிப்புதான் எதிரி. எலுமிச்சை ஜூஸ் டம்ளரின் அடியில் வழிந்த ஒரு சொட்டு போதும், பளபளப்பு போய் மங்கல் தடம் நிற்கும். சாப்பாட்டுத் தட்டோடு சோபாவில் உட்காரும் வீடு என்றால் ரசம் ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாவது சோதனை தண்ணீர். தினமும் மாப் போடும் வீட்டில் மேஜைக் காலின் அடிப்பக்கம் தினமும் நனைகிறது. பார்ட்டிகிள் போர்டில் முதலில் தாளின் ஓரம் லேசாக உப்பும், பிறகு பிரட் துண்டு பாலில் ஊறின மாதிரி பருத்துப் பிளக்கும். அமுக்கி வைத்த தூள் ஈரம் பட்டதும் தன் பழைய உருவத்துக்குப் போகப் பார்க்கிறது, காய்ந்தாலும் திரும்பச் சுருங்காது. முழு மரமும் ஈரத்தில் விரியும்தான், ஆனால் காய்ந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய மேஜையின் டிராயர் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். மாசி வந்தால் தானாக இளகும். அவசரப்பட்டு இழைப்புளி போட்டுச் சீவிவிட்டால் கோடையில் லொடலொடக்கும். சறுக்கும் கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

பெருவெள்ளம் வரும் ஏரியா என்றால் கணக்கே வேறு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்த வீடுகளில் அமுக்குப் பலகைச் சாமான்கள் அப்படியே குப்பைக்குப் போயின. தேக்கு மேஜையைக் கழுவி, நிழலில் காயவைத்து, பாலிஷ் போட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களிடம் நான் வேறு எந்த வாதமும் வைக்க மாட்டேன்.

மூன்றாவது சோதனையைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. வீட்டுப் பெரியவர்கள் சோபாவிலிருந்து எழும்போது பக்கத்து மேஜையில்தான் கையூன்றுவார்கள். 'ஊன்றாதீங்கப்பா' என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. நடுத்தூணும் அடியில் மூன்று பாதமுமாக இருக்கும் பழைய வட்ட மேஜை ஓரத்தில் அழுத்தினால் கவிழும். ஒல்லியான ஒற்றைக் கம்பிக் காலில் நிற்கும் புது மேஜையும், சோபாவுக்கு அடியில் நுழையும் 'சி' வடிவ லேப்டாப் மேஜையும் அப்படியே. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நாலு காலும் நாலு மூலையில் நிற்கிற, தூக்கினால் கை கொஞ்சம் கனக்கிற மேஜையைத்தான் வாங்க வேண்டும். பழசிலும் அது கிடைக்கும், புதுசிலும் கிடைக்கும். அழகுக்காக மட்டும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

குழந்தை தவழும் வீடு என்றால் கூர் மூலையும் கண்ணாடியும் வேண்டாம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது பழைய பெயிண்ட் பற்றி. பெயிண்ட் அடித்த பழைய மேஜையில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தை கைக்கும் வாய்க்கும் போகும். வெளியே கொடுத்துச் சுரண்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் அடிக்காத மேஜையாகப் பாருங்கள். அமுக்குப் பலகையிலும் பசையின் ஃபார்மால்டிஹைடு வாடை ஒரு பிரச்சினை. அந்த வாடை குறைவாக வெளிவரும் இ1 தரம் என்று போட்டிருப்பதை வாங்கி, முதல் சில நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

புரட்டிப் போட்டுப் பாருங்கள்

பழைய மேஜையை மேலே பார்த்து வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தலைகீழாகப் புரட்டுங்கள். பாலிஷ் மேலே பொய் சொல்லும், அடிப்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. எழுபது எண்பது வருஷ மரத்தின் அடி ஒரே மாதிரிக் கருத்திருக்காது. காற்று பட்ட இடம் கருத்தும், மறைந்திருந்த இடம் வெளிறியும் இருக்கும். எல்லா இடமும் ஒரே காபி நிறத்தில் இருந்தால் சாயம் அடித்திருக்கிறார்கள்.

அடுத்து ஸ்க்ரூ. ஒரு கடையில் வட்ட மேஜை ஒன்றை இப்படிப் புரட்டியபோது, "நூறு வருஷத்துச் சாமான் சார், ஜமீன் வீட்டுது" என்றார் கடைக்காரர். பலகையைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் எல்லாம் பிளஸ் தலை. அந்த ரக ஸ்க்ரூவே 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. "ஸ்க்ரூ மட்டும் மாத்தினது சார்" என்று உடனே பதில் வந்தது. மாற்றியும் இருக்கலாம். அப்படியானால் பழைய ஸ்க்ரூவின் ஓட்டைகள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள்.

வட்ட மேஜை என்றால் இன்னொரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. டேப் எடுத்து மரக்கோடு ஓடும் திசையில் ஒரு விட்டம், குறுக்கே ஒரு விட்டம் அளந்து பாருங்கள். மரம் நீளவாக்கில் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பல பத்தாண்டுகள் உலர்ந்த முழு மரப் பலகை சுத்த வட்டமாக இருக்காது, குறுக்கே கொஞ்சம் குறையும். தேக்கு அதிகம் சுருங்காத மரம் என்பதால் வித்தியாசம் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கும். இரண்டு அளவும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தால் அது போன வருஷத்து வட்டம், அல்லது பிளைவுட்.

ஈட்டி மரம் என்று சொன்னால் தூக்கிப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ என்றால் ஈட்டி 800க்கு மேல். சின்ன மேஜையிலும் அந்தக் கனம் கையில் தெரியும். தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டி மரத்தைக் காக்கவே தனிச் சட்டம் போட்டார்கள். அதனால் புது ஈட்டி மேஜை சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுவது நல்லது. இன்னொன்று, அமெரிக்காவில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்பலாம் என்று வாங்குகிறவர்கள் கவனிக்க: ஈட்டிக்கு 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். உள்ளூரில் வைத்துக்கொள்ள இந்தத் தலைவலி இல்லை.

வண்டு ஓட்டையைப் பார்த்ததும் ஓடிவிட வேண்டாம். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் எப்போதோ வந்து போன வண்டினுடையதாக இருக்கலாம். மேஜையை நாலு தட்டு தட்டி, வெள்ளைத் தாள்மேல் ஒரு ராத்திரி நிற்க வையுங்கள். காலையில் தாளில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வீட்டுக்குள் சேர்க்கும் முன் மருந்து அடித்தே ஆக வேண்டும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு உளுத்துவிட்டது என்றால் பேரமே வேண்டாம். கால் ஆடுவது மட்டும் குறை என்றால் தயங்காமல் வாங்கலாம். துளையில் கழுந்து செருகிய மூட்டு அது; பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து இறுக்கினால் நம் காலம் வரை ஆடாது. புது மேஜையின் தூள் பலகையில் ஸ்க்ரூ ஒரு தடவை பிடி விட்டால் அந்த ஓட்டையில் மறுபடி எதுவும் நிற்காது.

அளவு, செலவு

பழசு தோற்பது பெரும்பாலும் உயரத்தில். அந்தக் காலத்து நாற்காலிகளும் உயரம், மேஜைகளும் உயரம். 27, 28 அங்குலம் சாதாரணம். இன்றைய சோபாவின் கைப்பிடி 22 முதல் 25 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். மேஜை கைப்பிடிக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்ந்தோ இருந்தால்தான் பார்க்காமலே டம்ளரை வைக்கலாம், எடுக்கலாம். உயர்ந்த மேஜையை வாங்கிக் காலை அறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கடைசல் காலை அறுத்தால் அதன் அடிப் பூண் போகும், விகிதம் போகும், நாளைக்கு விற்றால் விலையும் போகும். அதற்குப் புதுசே வாங்கிவிடலாம்.

பலகை அகலம் 16 முதல் 20 அங்குலம் போதும். துடைப்பம் உள்ளே போகும் அளவுக்குக் காலுக்கு நடுவில் இடம் வேண்டும், அல்லது தரையோடு முழுசாக உட்கார வேண்டும். ரெண்டுங்கெட்டானாக ஒரு அங்குல இடைவெளி விட்டால் அதற்கடியில் சேரும் குப்பையை வேலைக்கு வரும் அக்கா எடுக்கப் போவதில்லை, நீங்களும் எடுக்கப் போவதில்லை.

செலவுக் கணக்கில் பழசின் விலைச் சீட்டை மட்டும் பார்க்காதீர்கள். டெம்போ, மூட்டு சரிசெய்ய ஆசாரி கூலி, பாலிஷ், மருந்து எல்லாம் சேர்த்தால் ஷீஷம் மேஜை விலைக்கு வந்துவிடும், பல சமயம் தாண்டும். ஆனால் பத்து வருஷம் கழித்தும் அதற்கு ஒரு விலை இருக்கும். பார்ட்டிகிள் போர்டு மேஜையைக் காயலான் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். குப்பைக்காரரிடம் காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. இடித்த வீட்டின் பழைய நிலை, ஜன்னல் சட்டம், உத்தரக் கட்டைகளை வாங்கி ஆசாரியிடம் கொடுத்து நமக்கு வேண்டிய அளவில் செய்துகொள்வது. மரம் பழசு, அளவு புதுசு, சார்ஜர் வயருக்கு ஓட்டை போட்டாலும் மனசு உறுத்தாது. சிக்கல் ஆசாரியில்தான். பிளைவுட் வெட்டி மைக்கா ஒட்டும் ஆட்கள் எங்கும் கிடைப்பார்கள், துளை போட்டுக் கழுந்து செருகத் தெரிந்த கை தேடத்தான் வேண்டும். அவர் முன்பு செய்த நாற்காலி ஒன்றைக் காட்டச் சொல்லி மூட்டைப் பார்த்துவிட்டு வேலை கொடுங்கள். பழைய கட்டையில் ஒடிந்த ஆணி உள்ளே கிடக்கும், அறுக்கும் முன் அதை எடுக்கும் கூலியையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

யார் வீட்டுக்கு எது

சோபாவின் இரண்டு பக்கமும் ஒரே ஜோடி மேஜை வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழசில் ஜோடி கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் ஒற்றை விலையைப்போல் இரண்டு மடங்கோடு நிற்காது. பெரியவர் உட்காரும் பக்கம் கனமான பழைய தேக்கு, பிளக் பாயிண்ட் இருக்கும் பக்கம் டிராயரும் வயர் ஓட்டையும் உள்ள புதுசு என்று வைத்தால் இரண்டுமே அதனதன் வேலையைச் செய்யும். உயரம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். மரத்தின் நிறம் கொஞ்சம் விலகினால் யாருக்கும் தெரியாது, உயரம் மூன்று அங்குலம் விலகினால் வாசலில் நுழையும்போதே தெரியும்.

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடு என்றால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று மேஜைத் தொகுதியைத் தேடுங்கள். வருஷம் முழுக்க ஒரு மேஜை இடத்தில் மூன்றும் அடங்கிக் கிடக்கும். கொலு நாட்களில் ஒன்றில் தாம்பூலத் தட்டு, ஒன்றில் சுண்டல், ஒன்றில் வந்தவர்களுக்குக் குங்குமச் சிமிழ். ஈட்டியில் செய்த பழைய தொகுதி கண்ணில் பட்டால் பேரத்தை நீட்டாதீர்கள். புதுசிலும் இந்த ரகம் வருகிறது, கால்கள் ஒல்லி என்பதால் வாங்கும்போதே ஆட்டிப் பாருங்கள்.

சொந்த வீடு, மாற்றும் உத்தேசம் இல்லை, பழைய தேக்கு வாங்க நேரமும் பொறுமையும் இருக்கிறது என்பவர்களுக்கு என் ஓட்டு தயக்கமில்லாமல் பழசுக்கு, அதிலும் 60களின் சாய்ந்த கால் ரகத்துக்கு. கடலோர வீட்டில் இரும்பைத் தவிர்த்து முழு மரம். வெள்ளம் வரும் தரைத்தளத்தில் தூள் பலகை கூடவே கூடாது.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, அடுத்த வருஷம் தாம்பரமா சோழிங்கநல்லூரா என்று தெரியாத பிள்ளைகளுக்குக் கனமான பழைய மேஜையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு மார்பிள் பலகையை ஏற்றி இறக்குவதற்குள் ஆசை தீர்ந்துவிடும். அதற்காகத் தூள் பலகையையும் வாங்கச் சொல்லவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டினால் ரெண்டாவது வீட்டிலேயே ஆட ஆரம்பிக்கும். கழற்றத் தேவையில்லாத, ஒரு கையால் தூக்கக்கூடிய முழு மரச் சின்ன மேஜை, மாமரமோ ரப்பர் மரமோ, அவர்களுக்குப் போதும். ஊரில் பாட்டி வீட்டு மேஜை ஒன்று சும்மா கிடந்தால், அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைக்கட்டும்.